இடப்பக்கத்துக்கு ஓர் ஆள்

சங்கரன்கோவில்,
ஆனி 14

அன்புமிக்க மதினி முத்துமாரி அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து முப்பிடாதியம்மாள் எழுதுவது. இங்கே மகாராஜன், நம் பேத்தி அனு, நான் மூவரும் நலம். ராயகிரியில் உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பதுதான் முறை. இந்த ஒரு தடவை அதை விட்டுவிடுகிறேன். என் மருமகள், உங்கள் மகள், தேன்மொழியின் நலம் மட்டும் தெரிந்தால் எனக்குப் போதும்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் எப்போது அழைத்தாலும், ‘நல்லாருக்கா மதினி, இப்பதான் கண்ணசந்தா’ என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். காலை பத்து மணிக்கும் கண்ணசருகிறாள், மாலை ஐந்து மணிக்கும் கண்ணசருகிறாள். மூளையில் கத்தி பட்டவளுக்கு அயர்ச்சி உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மாமியார் அழைக்கும் நேரம் பார்த்து வருகிற அயர்ச்சி எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

முதலில் எலுமிச்சம்பழ விவகாரம். எதிர்வீட்டுச் சீனியம்மாள் நலம் விசாரிக்க வந்தபோது, தேன்மொழி கூடத்தில் ஒரு கூடைப் பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நடுங்கும் இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்து, பெரிதைப் பெரிதோடும் சிறிதைச் சிறிதோடும் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பழம் உருண்டு என் நாற்காலிக்கு அடியில் போயிற்று. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே குனிந்து, தடவி, எடுத்தாள். சீனியம்மாள் கொண்டுவந்த ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனாள். அன்று மாலைக்குள் தெரு முழுவதும், மறுநாள் ராயகிரி வரைக்கும் செய்தி போய்விட்டது: ‘மண்டையைத் திறந்து ஆபரேசன் பண்ணின பிள்ளைய, மவன் கடைக்குப் பழம் பொறுக்க வச்சிருக்கா அந்த புரொபசரம்மா.’ இன்னொருத்தி ஒரு படி மேலே போய், பழம் தலையில் தேய்க்கவா, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று அனுவிடமே கேட்டிருக்கிறாள். நீங்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து மகளை அழைத்துப் போனீர்கள். வாசலில் நின்று நீங்கள் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும்: ‘புளியங்குடியில கூலிக்கு ஆளா கிடைக்கல மதினி?’

ஆள் கிடைக்கும். புளியங்குடியில் மகாராஜனின் எலுமிச்சைக் கமிஷன் கடையில் தரம் பிரிக்கும் பெண்கள் ஒரு கூடையை ஊர்க்கதை பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல் பிரித்துவிடுவார்கள். தேன்மொழிக்கு அதற்கு ஒரு முற்பகல் வேண்டும். அவள் பிரித்து முடித்ததை மாலையில் நானே மறுபடியும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து வைப்பேன், மறுநாள் பிரிப்பதற்காக. இதை வியாபாரம் என்று சொன்னால், புளியங்குடிச் சந்தையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

பழம் என்னுடைய யோசனையும் அல்ல. கைகால்களுக்குப் பழைய வேலையைத் திரும்பக் கற்றுத்தரும் சிகிச்சைக்கு வருகிறாளே அலிமா பீவி, அந்தப் பெண் முதலில் பிளாஸ்டிக் பந்துகளையும் வண்ண முளைகளையும்தான் கொண்டுவந்தாள். உங்கள் மகள் அவற்றைத் தள்ளிவைத்து, ‘நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?’ என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதன் பிறகுதான், இந்த வீட்டில் எது நிறையக் கிடக்கிறது என்று அலிமா சுற்றிப் பார்த்தாள்.

உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், தெரிந்ததும் தெருவில் கேட்டதும் இப்போது ஒன்றாகக் கலந்து கிடப்பதால். மதுரையில் மருத்துவர் நம் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். கட்டி புற்று வகை அல்ல, மூளையின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது, பெரும்பகுதியை எடுத்தாயிற்று, ரத்தக் குழாயோடு ஒட்டிக்கிடந்த ஒரு துண்டை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறது, அதை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்துவர வேண்டும். இந்த இடத்தில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னது உங்கள் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். இடக்கையும் இடக்காலும் தளர்ந்து கிடப்பது கை காலின் குற்றம் அல்ல, உத்தரவிட வேண்டிய மூளைப்பகுதி அடிபட்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வித்தால் மூளை வேறு பாதை போட்டுக்கொள்ளும். முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகிவிடும் என்றார். அந்த முதல் மாதங்கள்தாம் இப்போது ராயகிரியில் கண்ணசந்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்றையும் சொன்னார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகிறது. கண்ணில் கோளாறு இல்லை. கண் காண்பதை மூளை பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அலிமா, எங்கள் கூடத்துக் காலண்டரில் இருக்கும் சங்கரநாராயணரைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டாள். சங்கு தெரிகிறது, துளசி மாலை தெரிகிறது, பெருமாள் என்றாள் தேன்மொழி. சிவன் எங்கே என்றதற்கு, ‘இது பெருமாள் படந்தானே?’ என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கோயில் நிழலில் குடியிருப்பவள். அலிமா அவள் கன்னத்தில் விரல் வைத்து முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். சடையும் பாம்பும் அப்போதுதான் முளைத்தவை போல அவள் பார்த்தாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவேதான் இந்த வீட்டில் அவளோடு பேசுகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தே பேசினோம். தண்ணீர்ச் செம்பை இடப்பக்கம் வைத்தோம். தாகம் எடுத்தால் தேடட்டும் என்று விட்டோம். தேடினாள். பார்க்கிறவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது அல்ல, தலைமுடியைப் பற்றியதும் அல்ல. ‘என் கவுன்டரை யாருக்குக் குடுத்திருக்காக?’ என்றுதான் கேட்டாள். இந்தக் கடிதத்தை அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில்தான் போடப்போகிறேன். அந்தக் கவுன்டரில் இப்போது உட்கார்ந்திருக்கும் கண்ணன், ‘அக்கா எப்ப வாராக?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நோட்டுக்கட்டை இடக்கை பிடித்துக்கொண்டால்தான் வலக்கை எண்ண முடியும். அந்த இடக்கை திரும்பாமல் அவளால் அந்த நாற்காலிக்குத் திரும்ப முடியாது. நான் எதற்கு அவசரப்படுகிறேன் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

அவளை அனுப்பிவையுங்கள். இல்லை, இன்னும் சில நாள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்றால், அலிமாவையாவது உள்ளே விடுங்கள். சிவகிரி பஸ்ஸில் வந்து போக அவள் தயார். அதுவரை ஊட்டிவிடாதீர்கள். தலை வாரிவிடாதீர்கள். புடவைக் கொசுவத்தை நீங்கள் செருகிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
முப்பிடாதியம்மாள்

*

சங்கரன்கோவில்,
ஆனி 26

மதினி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று உங்கள் வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது மரியாதை இல்லைதான். அறிவித்திருந்தால் அவள் கண்ணசந்திருப்பாள்.

கோழிக்குழம்பு நன்றாக இருந்தது. இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

நீங்கள் அவள் எதிரில் உட்கார்ந்து, ‘ஏட்டி, இந்த ஒரு வாய் மட்டும் வாங்கிக்கோ, எங்கண்ணுல்லா’ என்று ஊட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. நாளுக்கு நாள் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மனசு விட்டுப்போய்விட்டது என்று நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். பிறகு ரசம் எடுத்துவர உள்ளே போனீர்கள். அந்த இடைவெளியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் அவள் தட்டைப் பிடித்து, சக்கரத்தைத் திருப்புவது போல அரைவட்டம் திருப்பி வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. இடப்பக்கம் கிடந்த சோறு வலப்பக்கம் வந்தது. ‘இது எப்ப வச்சீங்க அத்தை?’ என்று கேட்டுவிட்டு, அவளே பிசைந்து அவளே சாப்பிட்டாள். கோழித் துண்டுகூட அங்கேதான் கிடந்திருக்கிறது; அதைப் பார்த்ததும் சிரித்தாள். நீங்கள் ரசத்தோடு வந்தபோது தட்டு காலி. நான் ஏதோ சொல்லி மிரட்டித் தின்ன வைத்ததாக நீங்கள் நினைத்ததை உங்கள் முகத்தில் பார்த்தேன். அவளுக்குப் பசி இருக்கிறது, மதினி. மனசும் விட்டுப்போகவில்லை. பாதித் தட்டு அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நீங்களே திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. அவள் இடக்கைச் சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம் இருக்கிறது. சூடான பாத்திரத்தில் பட்டிருக்க வேண்டும். எப்போது பட்டது என்று நீங்கள் சொல்லவில்லை, ஏனெனில் உங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் எல்லாரும் அவளுடைய கட்டிலுக்கு வலப்பக்கம் உட்காருகிறீர்கள். மின்விசிறி, ஜன்னல், டிவி, தண்ணீர் எல்லாம் வலப்பக்கம். அந்தக் கை அவளோடு இருக்கிறது என்று நினைவூட்ட ஒருவரும் இல்லை. கை தானாகத் தொங்குகிறது, எங்கேயோ படுகிறது, சுடுகிறது. நேற்று இரவு முழுவதும் என் மனத்தில் அந்தக் கொப்புளம்தான். இன்று விரல், உங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறது, வாசலில் பஸ் போகும் சாலை இருக்கிறது. அவள் எழுந்து நடக்கத்தான் போகிறாள். என்றைக்கும் படுக்கையில் வைத்திருக்க உங்களாலும் முடியாது.

நான் இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தபோது நீங்கள் சொன்னீர்கள்: ‘உங்களுக்கு அது பாடம் மதினி. எனக்கு அது பிள்ளை.’

முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் நான்; பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வாசுதேவநல்லூர் தாண்டியும் உங்கள் அந்த வாக்கியத்தையே யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

மகாராஜனைப் பற்றி ஒரு வார்த்தை. கடை முடிந்து ராயகிரி வந்து அவளைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வருகிறான். அங்கே நீங்கள் அழுவதை எனக்குச் சொல்வதில்லை, இங்கே நான் பேசுவதை உங்களுக்குச் சொல்வதில்லை. இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் கூலிக்காரன் இறக்கிவைத்த மூட்டை போல உட்கார்ந்திருக்கிறான். மெலிந்துவிட்டான்.

வலிப்பு வராமலிருக்கத் தரும் மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். எழுப்பினால் பாவம் என்று விட்டுவிடாதீர்கள்.

முப்பிடாதியம்மாள்

*

சங்கரன்கோவில்,
ஆடி 7

அன்பான மதினிக்கு,

வணக்கம். நேற்று மகாராஜன் இரண்டு செய்தி கொண்டுவந்தான்.

ஒன்று, நீங்கள் ஒரு கூடை எலுமிச்சம்பழம் அனுப்பச் சொன்னீர்களாம். ஊறுகாய்க்கா என்று நான் கேட்கவில்லை. கலப்பான அளவில் பொறுக்கி அனுப்பச் சொன்னேன். ஒரே அளவுப் பழம் உங்களுக்குப் பயன்படாது.

மற்றது, ஆடிச்சுற்று. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் தேன்மொழிக்காக நீங்கள் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக நேர்ந்திருக்கிறீர்கள். அவளையும் அழைத்துவந்து பிரகாரத்தில் ஒரு தூணோரமாகப் பாய் விரித்து உட்கார்த்தி வைத்துவிட்டு, அவளுக்குப் பதிலாக நீங்கள் சுற்றப்போகிறீர்கள்.

எனக்குக் கோயில் விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவள். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள், அந்தக் காலின் வலியை நாம் பங்கிட்டு வாங்கிக்கொள்ளத்தான் சுற்றுகிறோம் என்று சொல்லித்தான் எங்களையும் வளர்த்தார்கள். அந்த அம்மன் தன் தவத்துக்கு வேறு ஆளை அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் நூற்றெட்டுச் சுற்று சுற்றினால் பலப்படப்போவது உங்கள் கால். அது ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது. அம்மனுக்குக் கால் வலித்தால் தவம், என் மருமகளுக்குக் கால் வலித்தால் மட்டும் மாமியார் கொடுமை என்பது எந்த ஊர் நியாயம்?

நான் கேலிக்கு எழுதவில்லை. அலிமாவிடம் கேட்டேன். ‘நூத்தெட்டெல்லாம் வேண்டாம் மேடம். ஒண்ணே ஒண்ணு சுத்தட்டும். ஆனா அவங்களா சுத்தணும். முடியலன்னா பாதியில உக்காந்துட்டு மீதிய சுத்தட்டும்’ என்றாள். அதிகாலையில், கல் சுடுவதற்கு முன்னால், கூட்டம் திரளுவதற்கு முன்னால் போகச் சொன்னாள். மறுநாள் முடிந்தால் இன்னொன்று. இத்தனை நாளில் அந்தப் பெண் சொன்ன எந்தப் பயிற்சிக்கும் உங்கள் வீட்டில் இடம் கிடைக்கவில்லை. இதற்காவது கிடைக்கும் என்று நினைக்கிறாள். எனக்கும் அதே நினைப்புதான். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலையில் தேன்மொழியே என்னை அழைத்தாள். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்களாம். ‘அத்தை, நானே சுத்துதேன்னு அம்மாட்ட சொல்லுங்க. நான் சொன்னா அழுதாக’ என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏதோ விழுந்த சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. எனக்கு என்னென்ன நினைப்பு ஓடியது என்பதை எழுதமாட்டேன். கடைசியில் குரல் வந்தது: ‘போன் விழுந்துட்டு. இருங்க. எடுத்துட்டேன்.’ எந்தக் கையில் பிடித்திருந்தாய் என்று கேட்டேன். ‘அந்தக் கையிலதான்’ என்றாள். கட்டிலில் படுத்திருக்கும் பெண் யாரும் பார்க்காத நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று இனி நாம் இருவருமே கவலைப்பட வேண்டாம் போலிருக்கிறது.

இனி நான் கேட்க வந்தது.

சுற்றும்போது கோயில் நமக்கு வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. அது அவளுக்குத் தெரியும் பக்கம், உங்கள் அம்மன் இருக்கும் பக்கமும்கூட. என் பயமெல்லாம் இடப்பக்கம். ஆயிரத்தொன்று சுற்ற நேர்ந்துகொண்டவர்கள் அந்தப் பக்கமாகத்தான் முந்திக்கொண்டு ஓடுவார்கள். தூண் அந்தப் பக்கம், விளக்குத் தட்டு அந்தப் பக்கம், குறுக்கே வரும் பிள்ளைகள் அந்தப் பக்கம். அவள் ஒன்றையும் பார்க்கமாட்டாள். ஒரு தோள் உரசினால் போதும், தலையில் தையல் போட்டவள் கீழே விழுந்துவிடுவாள். அலிமா பின்னால் வருகிறேன் என்கிறாள், அதுவும் கொடிமரம் வரைதான். அதற்கு மேல் அந்தப் பெண் தயங்குகிறாள். மகாராஜனுக்கு அந்த நேரம் சந்தை. வருவான், ஆனால் அவன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொள்வான், நடக்க விடமாட்டான். நான் போகலாம் என்றால், என் முழங்கால் முதல் திருப்பத்திலேயே என்னை உட்கார்த்திவிடும்.

இடப்பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும், மதினி. பிடித்துக்கொள்ளாத ஆள். விழப்போனால் மட்டும் தாங்குகிற ஆள். அந்தக் கணத்தை அறியப் பாடம் உதவாது. அது எனக்கு வராது. பெற்றவளுக்கு வரும்.

கீழறையைக் கழுவி வைத்திருக்கிறேன். இரண்டு கட்டில். அவளுக்குச் சுவரை ஒட்டியது, அவள் படுத்தால் சுவர் வலப்பக்கம் இருக்கும்படி. அதற்கு இடப்பக்கம் உங்களுக்கு. தபசு முடியும்வரை மட்டும் என்று நான் சொல்லவில்லை. அடுப்பு உங்களுடையது; ஊட்டுவது மட்டும் கூடாது. சீனியம்மாள் வந்தால் நீங்களே காபி கொடுத்து, நீங்களே எதிரில் உட்கார்ந்து, பழம் எதற்கு என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

தபசு கழிந்த வாரம் மதுரையில் ஸ்கேன். விட்டுவைத்த அந்தத் துண்டு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் ஒரே அளவுதான் தெரியும். நான் அதிகம் படித்தவள் என்பதால் கூடுதலாகத் தெரிந்துவிடவில்லை. கூடுதலாக விழித்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீங்களும் என் பக்கத்தில் இருந்தால் எனக்கு நல்லது.

கொடியேற்றத்துக்கு முதல்நாளே வந்துவிடுங்கள். முதல் சுற்றில் நீங்கள் பக்கத்தில் நடப்பதே அவளுக்குத் தெரியாமல் போகலாம். அம்மா எங்கே என்று எதிர்ப்பக்கம் தேடுவாள். வருத்தப்படாதீர்கள், அந்தப் பக்கம் மாறிப் போய்விடாதீர்கள். அங்கேயே நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பும்வரை கூப்பிட்டுக்கொண்டே நடங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
முப்பிடாதியம்மாள்